மாஸ்கோ வண்டியில் போன ஜாம் பாட்டில்கள்

கசான்
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வதீமுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் எல்விராவும் குழந்தை திமோஃபெயும் சுகமென்று நேற்று போனில் சொன்னாய், அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது, கடைசிவரை படி, உன் வழக்கப்படி பாதியில் எழுந்து போகாதே. இங்கே குளிர்காலத்துக்காக வீடுகளுக்குக் குழாயில் சூடு விட்டுவிட்டார்கள், ஆனால் உன் பழைய அறையின் ரேடியேட்டர் பாதிதான் சுடுகிறது, பிளம்பர் வந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு "இதுக்கு உங்கள விட வயசு ஜாஸ்தி பாட்டிம்மா" என்று சொல்லிப் போய்விட்டான், தட்டியதற்குக் காசு வேறு கேட்டான். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டு கலீனாவோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை, அதற்கும் நீதான் காரணம், சொல்கிறேன்.

போன குளிர்காலத்தில் அப்பா போன நாளிலிருந்து நீ போனில் "தனியா அங்க என்னம்மா பண்றே, எங்களோட வந்து இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நானும் வீடு, தோட்டம், செர்ரி மரம் என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த இலையுதிர் காலத்தில் மனசு மாறிவிட்டது, நம் மகன் இத்தனை தூரம் கூப்பிடும்போது நமக்கென்ன வீம்பு என்று தோன்றியது. கலீனாவின் தங்கை மகனுக்கு வீட்டை வாடகைக்குத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன். வருகிறேன் என்பதை நேரில் சொல்லி உன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்று ஆசை. அதனால் உன்னிடம் மூச்சுவிடாமல் வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டிக்கு டிக்கெட் எடுத்தேன். பயணம் கிளம்புமுன் வீட்டில் எல்லோரும் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுவது நம் வழக்கம் அல்லவா, எதிரில் உட்கார யாருமில்லை, பெட்டியின் மேல் நான் மட்டும் உட்கார்ந்து எழுந்தேன். பையில் செர்ரி ஜாம் வைத்திருந்தேன், எப்போதும்போல் மூடிக்கு மேல் அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணியை வட்டமாக வெட்டி நூலால் கட்டியிருந்தேன். மாதாமாதம் இந்த வண்டி அட்டெண்டர் ரைஸாவிடம் பாட்டிலைக் கொடுத்துவிடுவேன், காலையில் நீ மாஸ்கோ ஸ்டேஷனுக்கு வந்து பெட்டி எண்ணைச் சொல்லி வாங்கிக்கொள்வாய், இந்த முறை நானே பார்சலாகப் போகிறேன் என்று சிரித்துக்கொண்டேன்.

அன்றைக்கு ரைஸாவுக்கு வேலை இல்லை, அவளுக்கு ஜோடியாக அதே பெட்டியில் வேலை பார்க்கும் ஜினா இருந்தாள், அவளுக்கு என் முகம் தெரியாது. எனக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்தது. எதிர்ப்படுக்கைக்காரர் பருத்த மனிதர், ஏறியதும் செருப்பையும் வீட்டுக் காற்சட்டையையும் மாட்டிக்கொண்டு, பொரித்த கோழியையும் அவித்த முட்டையையும் பிரித்து, "எடுத்துக்குங்க, ரயில்ல தனியாத் தின்னா செரிக்காது" என்று பாதியை என் பக்கம் தள்ளினார். ஊர் தாண்டுவதற்குள் ஜினா டீ கொண்டுவந்தாள். டீயோடு ஒரு கிண்ணத்தில் ஜாமும் வைத்து, "காசெல்லாம் வேணாம், வீட்டு ஜாம், சாப்பிட்டுப் பாருங்க" என்றாள். அவள் கையிலிருந்த பாட்டிலின் மூடியில் நீலக் கட்டம் போட்ட துணி இருந்தது, வதீம். எங்கே வாங்கினீங்க என்று கேட்டேன். "வாங்குறதாவது! கசான்ல யாரோ ஒரு அம்மா மகனுக்குன்னு மாசா மாசம் குடுத்துவுடுது. மொதல்ல ரெண்டு மூணு தடவ வந்து வாங்கிட்டுப் போனான். அப்புறம் போன்லயே 'எங்க வீட்ல யாரும் இதத் தின்றதில்ல, இதுக்காக ஸ்டேஷனுக்கு அலைய முடியாது, நீங்களே வச்சுக்குங்க, எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னுட்டான். ரைஸாவும் பாவம், அந்த அம்மா மொகத்தப் பார்த்துச் சொல்ல முடியாம, குடுத்துட்டேன் குடுத்துட்டேன்னு புளுகிக்கிட்டு இருக்கா. எங்களுக்கென்ன, குளிர்காலம் பூரா டீயோட ஜாமுக்குப் பஞ்சமில்ல" என்று சிரித்தாள். எதிர்ப்படுக்கைக்காரர் ஒரு கரண்டி எடுத்து நக்கிவிட்டு, "அந்த மகன் குடுத்துவச்சவன், அம்மாவும் இருக்கா, அறிவும் இல்ல" என்றார். நானும் ஒரு கரண்டி சாப்பிட்டேன். வேறென்ன செய்வது, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொன்னேன்.

அப்போதும் எனக்கு நம்ப மனசு வரவில்லை, வேறு யாரோ ஒரு மகன் சொன்னதை என் மகன் சொன்னதாகக் குழப்பிக்கொண்டு பேசுகிறாள் என்று நினைத்தேன். நடையில் ஜன்னலோரம் நின்று உனக்கு போன் செய்தேன், ஜாம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், ஏழாம் பெட்டி, காலையில் வந்து வாங்கிக்கொள் என்றேன், ஞாபகமிருக்கிறதா. "கட்டாயம் வர்றேம்மா, நீ போய்ப் படு" என்றாய். படுத்தேன், தூக்கம்தான் வரவில்லை. காலையில் மாஸ்கோவில் இறங்கி ஏழாம் பெட்டி வாசலிலேயே பையோடு நின்றேன். எல்லோரும் போய்விட்டார்கள். படுக்கைத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஜினா எட்டிப் பார்த்தாள், என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்தாள், அவள் முகம் செத்துவிட்டது. "ஐயோ, நீங்களாம்மா... என் வாயில மண்ணு விழ. அவரு வரமாட்டாரும்மா, உள்ள வந்து உக்காருங்க, குளிருது" என்றாள். வண்டியைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போகும்வரை நான் நகரவில்லை. பிறகு போய்க் காத்திருப்போர் கூடத்தில் உட்கார்ந்தேன், அப்போதுதான் உன் போன் வந்தது.

"வாங்கிட்டேம்மா, நானேதான் போனேன், என்னா குளிரு தெரியுமா, கையெல்லாம் வெறச்சுப் போச்சு, அந்த அட்டெண்டரம்மா உன்னை ரொம்ப விசாரிச்சாங்க" என்றாய். பாட்டில் என் மடியில் இருந்தது. நடுவில் ஒலிபெருக்கி கத்தியது, "என்னம்மா சத்தம்" என்றாய், டிவி என்றேன். இதுவரைக்கும் கூட நான் விழுங்கியிருப்பேன், வேலை, அலைச்சல், பிள்ளை சங்கடத்தில் ஒரு பொய் சொல்கிறான் என்று. ஆனால் நீ போனைக் குழந்தை கையில் கொடுத்தாய். அவன் "எந்த ஜாம்ப்பா" என்று கேட்டதும், நீ அவன் காதில் ஏதோ சொன்னதும், அவன் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் "ரொம்ப நல்லா இருந்துச்சு பாட்டி, நன்றி பாட்டி" என்றதும் எனக்குக் கேட்டது. ஏழு வயசுப் பிள்ளையடா. உன்னை நான் அப்படி வளர்க்கவில்லை, வதீம். அம்மா இனிமேல் அனுப்பாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நாள் கோபித்துக்கொண்டிருப்பேன், மறுநாள் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருப்பேன். உன் வீடு அங்கிருந்து மெட்ரோவில் எட்டும் தூரம்தான். நான் போகவில்லை. சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து அன்றைய வண்டியிலேயே திரும்பினேன், மேல்படுக்கைதான் கிடைத்தது, ஏறுவதற்கு ஒரு சிப்பாய்ப் பையன் கைகொடுத்தான்.

கலீனாவிடம் வீட்டை வாடகைக்கு விடவில்லை என்று சொல்லிவிட்டேன், "வாக்கு மாறுற ஜென்மம்" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள், கத்தட்டும். ரைஸா மேல் உனக்குக் கோபம் வேண்டாம், ஜினா மேலும் வேண்டாம், அவர்கள் வேலையைக் கெடுக்கிற மாதிரி எங்கேயும் எதுவும் சொல்லிவைக்காதே. குழந்தைக்கு இருமல் என்று எல்விரா போன வாரம் சொன்னாள், காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதை நான் மனசாரத்தான் எழுதுகிறேன், கோபத்திலும் அது மாறாது. உன்னோடு வந்து இருப்பது மட்டும் இனி இல்லை. இதைப் போனில் சொல்லியிருந்தால் நீ அந்தக் குரலில் "ஐயோ, ஏம்மா இப்படிச் சொல்றே" என்று வருத்தப்பட்டிருப்பாய், நானும் நம்பியிருப்பேன். அதனால்தான் எழுதினேன்.

உன் அம்மா,
நோன்னா அர்க்காதியெவ்னா