கெட்டதைக் கெட்டது என்று சொன்னவளுக்கு

தங்கை மகள் ஒரு கிளினிக்குக்கு மென்பொருள் எழுதுகிறாள். நேற்று கணினியை என் பக்கம் திருப்பினாள். "சிஸ்டம் பிஸி. சற்று நேரம் கழித்து முயலவும்" என்றது திரை.

"தமிழ் சரியா பெரியம்மா?"

"நெசமாவே பிஸியா?"

"இல்ல, சர்வர் படுத்துட்டா இது வரும். ஆளுங்ககிட்ட அதெல்லாம் சொல்ல வேணாம்லா."

கத்திவிட்டேன். பயந்துபோய், "இணைப்பு கெட்டுவிட்டது. காத்திருக்காமல் நேரில் வரவும்" என்று மாற்றினாள். என் கோபம் அவள் மேல் இல்லை. நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. இதை யாரிடம் சொல்வேன்?

இங்கே ஐம்பத்தேழில் சுதந்திரம் வந்த மறுவருஷம் நாம் காஜா பேராங்கில், ரப்பர் தோட்டங்களை நடத்திய ஒரு கம்பெனியின் டெலிபோன் போர்டில் அருகருகே உட்கார்ந்திருந்தோம். தோட்டங்களின் அழைப்புகளை வெளியே இணைப்பது நம் வேலை. "எது கெட்டாலும் லைன் பிஸின்னு சொல்லு. கெட்டுப்போச்சுன்னா கம்பெனி பேரு போயிடும்" என்பார் சூப்பர்வைசர்.

புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருநாள் உன்னிடம்தான் பேசினார். மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை, ஆம்புலன்ஸ் வேண்டும். ஆஸ்பத்திரி லைனோ காலையிலிருந்தே செத்துக் கிடந்தது. சொல்லச் சொன்னதைச் சொன்னாய். "பரவால்லம்மா, காத்திருக்கேன்" என்றார். மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் அதே பதில். தோட்டத்து லாரி அவர் வாசலிலேயே நின்றிருந்ததாம். தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

நீ அழவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரி லைன் கெட்டு, ஒருவர் ஆம்புலன்ஸ் கேட்டபோது, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாய்: "லைன் அறுந்துபோச்சு. காத்திருக்காதீங்க, வண்டியில கொண்டுபோங்க."

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "யார் உனக்கு அதிகாரம் கொடுத்தது?"

"செத்துப்போன அந்தப் பொம்பள."

அன்றே உன்னை வேலையிலிருந்து எடுத்தார்கள். போகும்போது என்னைப் பார்த்தாய். நான் ஹெட்போனைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

சில வாரம் கழித்துச் சந்தையில் பார்த்தோம். "இன்னும் அதையேதான் சொல்றியா?" என்று கேட்டாய்.

"எனக்கு வேலை வேணும்லா."

தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காய் பொறுக்கத் திரும்பினாய். நான்கு பேர் முன்னால் திட்டியிருக்கலாமே நீ. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அதன் பிறகும் இரண்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதே பொய்யைச் சொன்னேன். நேற்று அந்தத் திரையில் கேட்ட குரல் என்னுடையது. எனக்கு ஆத்திரம் அதன் மேல்தான், இன்னும் தணியவில்லை.