மாப்பிள்ளையின் நிறம்

முசஃபா
11.7.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

வளைகுடா வெயிலைத் தவிர இங்கு எல்லாம் சுகம். பெண் வீட்டில் கேட்ட போட்டோ இத்துடன் இருக்கிறது. கலர் பிலிமை ரூம் கக்கூஸை இருட்டாக்கி நானே கழுவினேன். மருந்து முப்பத்தெட்டு டிகிரியில் இருக்க வேண்டும். இங்கே குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு. ஐஸ் போட்டுத்தான் இறக்கினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததால் படத்தில் முகம் பச்சையடித்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டு வெள்ளையாகத் தெரியும்வரை பச்சையைக் குறைத்தேன். அப்புறம் பார்த்தால் முகமும் என் முகமாக இருந்தது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தம்பி,
அழகுமலை

பரமக்குடி
2.8.2004

தம்பிக்கு,

கவரைப் பிரித்ததும் உன் அண்ணி, "அடுப்புக்கரியை எதுக்குத் துபாயிலேர்ந்து அனுப்பியிருக்காரு?" என்றாள். கக்கூஸில் பிலிம் கழுவினால் அப்படித்தான். இருபது வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிற அண்ணன் இருக்கும்போது ஸ்டோர்கீப்பருக்கு ஏன் இந்த வேலை? மதுரை லேபில் கொடுத்து முகத்தை நாலு படி வெளுப்பாக்கி, கன்னத்தில் ரோஸ் ஏற்றி வாங்கினேன். இந்தக் கவரில் ஒரு காப்பி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். பெண் உமாராணி, சத்திரக்குடிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் அப்பாவுக்குப் பரம திருப்தி. தையில் முகூர்த்தம். அதற்குள் முகத்துக்கு ஏதாவது கிரீம் போடு.

முத்துராமன்

முசஃபா
29.8.2004

அண்ணனுக்கு,

காப்பியை ரூம்மேட் செய்கு முகம்மது பாயிடம் காட்டினேன். "யாருப்பா இந்தச் சேட்டுப் பையன்?" என்றார். முகத்தோடு துண்டும் ரோஸாகிவிட்டதே, இருபது வருஷக் கண்ணுக்கு அதுகூடவா தெரியவில்லை? ஒரு பிலிமைச் சொந்தமாகக் கழுவத் தெரியாமல் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவருக்கு என் கக்கூஸைப் பற்றி என்ன பேச்சு? பெண் வீட்டில் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

அழகுமலை

பரமக்குடி
20.9.2004

தம்பிக்கு,

சொல்ல மாட்டேன். தாலி ஏறிய பிறகு எவள் போட்டோவைத் தூக்கிவைத்து ஒத்துப் பார்க்கப் போகிறாள்? நிறமில்லாதவனுக்கு ரோஷம் ஒரு கேடு. லீவுக்கு எழுதிப் போடு.

முத்துராமன்

முசஃபா
30.10.2004

அண்ணனுக்கு,

நான் கழுவிய படத்தை உமாராணிக்குப் பள்ளிக்கூட விலாசத்தில் நானே அனுப்பினேன். நீங்கள் செய்ததையும் எழுதினேன். பதில் வந்துவிட்டது. நீங்கள் காட்டிய படத்தைப் பார்த்து, "பவுடர் பொம்மைக்கு என்னைக் கட்டிக் கொடுக்காதீங்க" என்று அப்பாவிடம் ஒரு மாதமாகச் சண்டை போட்டதாம் அந்தப் பெண். என் படத்தைப் பார்த்துவிட்டு, "கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கு? சரியாகத் தூங்குவதில்லையா?" என்று கேட்டிருக்கிறது. என்னை யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை, அண்ணா.

நிறத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

தையில்தான் கல்யாணம். பத்திரிகையை அவர்களே அடிக்கிறார்கள். நீங்களும் அண்ணியும் அவசியம் வர வேண்டும். அண்ணனுக்குரிய முறையும் மரியாதையும் குறையாமல் நடக்கும்.

படம் எடுக்க ராமநாதபுரத்திலிருந்து வேறு ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது.

அழகுமலை