கைப்பைக்கு நான் சொன்ன காரணம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூவரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லக் கூடாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இருப்பது ஒரே அறை, நான் உன்னோடு பேசினால் உன் தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால் சலவைக்கூடத்தில் மதிய ஓய்வு நேரத்தில், மடித்துக் கட்டிய ஓட்டல் விரிப்புகளின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, வண்டியில் ஏறும்போது முனகுகிறார், முதலாளி பக்கத்தில் நின்றால் முனகுவதில்லை.

சின்னவள் வருகிற வெள்ளிக்கிழமை ரயிலேறி உன்னிடம் வருகிறாள். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னாளாம். அப்படி இல்லை, அவளுக்கு வேலை போய்விட்டது, திரும்பி வருகிற எண்ணமும் அவளுக்கு இல்லை. எப்படிப் போனது என்று அவள் வாயைத் திறக்க மாட்டாள். சொல்ல வேண்டியவள் நான்தான், அவள் வந்து இறங்குவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு நாள் அவள் ஒரு கைப்பையோடு வீட்டுக்கு வந்தாள். அடர்ந்த பழுப்பு நிறம், தோல், முன்னால் பொன் நிறத்தில் நகம் அளவுக்கு ஒரு பூட்டு. நடைபாதையில் வாங்கியது, போலிதான், விலை ஒன்றும் இல்லை என்றாள். நானும் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. இருபது வருடமாகத் துணியையும் தையலையும் தொட்டுக்கொண்டிருக்கிற கை இது, அந்தப் பையின் உள்பக்கத்தைத் தடவியதுமே இது நடைபாதைச் சரக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் நான் கேட்கவில்லை. படுக்கப் போகும்போது அதைப் பழைய தலையணை உறைக்குள் போட்டு, வடிவம் குலையாமல் இருக்க உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஆணியில் மாட்டி வைப்பாள். சாப்பாட்டு டப்பா அதற்குள் நுழையாது, அதனால் டப்பாவைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இன்னொரு கையில் தூக்கிக்கொண்டு போவாள். பைக்குத் துணையாக இன்னொரு பையா என்று உன் அப்பா கேலி செய்தார், அவள் சிரிக்கவில்லை.

விலையை எனக்குச் சொன்னது வீட்டுக்காரம்மாதான். மாடிப்படியில் சின்னவள் இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டு, வாடகைக்கு ரெண்டு வாரம் பொறுங்கன்னு கேக்குறீங்க, உங்க பொண்ணு தோள்ல தொங்குறது என்ன விலைன்னு தெரியுமா என்று கேட்டு, விலையையும் சொன்னார். என்னுடைய நான்கு மாதச் சம்பளம். அடுத்த மூச்சில், அது பெரியவன் வாங்கி அனுப்பினதுங்க, நாங்க எங்க வாங்குறது என்று சொல்லிவிட்டேன். உன் பெயரை அப்படித்தான் முதல் தடவை இழுத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளைப் பிடிபிடி என்று பிடித்தேன். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசையா, விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா என்று கத்தினேன். அவள் காரணங்களைத் தயாராக வைத்திருந்தாள். பத்து வருஷம் உழைக்கும், ஒரு நாளைக்குப் பார்த்தா ஒரு டீ விலை கூட இல்லை, மலிவா வாங்கினா வருஷத்துக்கு ரெண்டு கிழியும், அதையெல்லாம் கூட்டிப் பாரும்மா என்றாள். எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இந்தக் காரணங்களை இந்த வீட்டில் புதிதாக அவளா கண்டுபிடித்தாள்? ஆள் பாதி ஆடை பாதி என்று சொல்லி அப்பா அந்தத் தோல் காலணியை வாங்கினாரே, வண்டி ஓட்டுகிறவர் காலை யார் குனிந்து பார்க்கிறார்கள்? நீ ஊருக்குப் போன மாதம் நான் ஒரு பொன் நிறக் கைக்கடிகாரம் வாங்கினேன், வேலை இடத்தில் நேரம் தெரிய வேண்டும் என்றேன். சலவைக்கூடத்துச் சுவரில் தட்டு அளவுக்குக் கடிகாரம் மாட்டியிருக்கிறது, நீராவி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கையில் கடிகாரம் கட்டவும் கூடாது. நீயும் லேசுப்பட்டவன் இல்லை. அந்த ஊர்க் குளிருக்கு என்று சொல்லி வாங்கிய மேல்சட்டையில் நெஞ்சு முழுவதும் கம்பெனிப் பெயர் இருந்ததே, குளிருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று அப்போதே கேட்க நினைத்தேன். காரணம் சொல்வதில் நம் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை.

கத்தி ஓய்ந்த பிறகு அவள் உண்மையான காரணத்தைச் சொன்னாள். அவள் வேலை பார்த்த முதியோர் இல்லம் வசதியானவர்களின் அப்பா அம்மாக்கள் இருக்கிற இடம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் இவள்தான், ஆனால் பார்க்க வருகிற பிள்ளைகள் இவளை ஏய் என்றும் இந்தா பொண்ணே என்றும்தான் கூப்பிடுவார்களாம், மூன்று வருடத்தில் ஒருவருக்கும் பெயர் தெரியாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போன முதல் நாள், சீருடை மாற்றுவதற்கு முன்னால், மின்தூக்கியில் ஒரு பெண்மணி இவளைப் பார்த்துச் சிரித்து, நீங்க யாரைப் பார்க்க வந்திருக்கீங்க என்று கேட்டாராம். நீங்கன்னு சொன்னாங்கம்மா, நான் மூணாவது மாடின்னு மட்டும் சொன்னேன் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் நீயும் கத்தியிருக்க மாட்டாய். பணம் எப்படி வந்தது என்று கேட்டேன். சம்பளத்தை உறை பிரிக்காமல் என்னிடம்தானே கொடுக்கிறாள். மற்றப் பெண்களின் இரவு வேலை முறைகளை ஒன்பது மாதம் தானே கைக்காசுக்கு எடுத்துப் பார்த்ததாகவும், மதியச் சாப்பாட்டை விட்டு இரண்டு நிறுத்தம் நடந்து மிச்சம் பிடித்ததாகவும் சொன்னாள். பில் எங்கே என்றேன். நான் விலையைப் பார்த்துவிடக் கூடாது என்று பேருந்திலேயே கிழித்துப் போட்டுவிட்டாளாம். சரி, நம்புறேன் என்று சொன்னேன்.

ஒரு நாள் வேலை முடிந்து பேருந்தில் வரும்போது, எதிர்ப் பக்கம் நடைபாதையில் அந்தப் பையோடு ஒரு பெண் நிமிர்ந்து நடந்து போனாள், யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்தேன். அப்புறம்தான் அது நம் சின்னவள் என்று தெரிந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இரண்டு மாதம் போனது. மூன்றாவது மாடியில் ஒரு பெரியம்மாளின் தங்கச் சங்கிலியைக் காணவில்லை. அன்றைக்கு அவரைக் குளிப்பாட்டியவள் இவள். அங்கே வேலை செய்கிற எல்லோரையும் விசாரித்தார்கள், மற்ற எல்லோரையும் விட்டார்கள், இவள் பையை மட்டும் மேசைமேல் வைத்துத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு சீப்பும் பேருந்து அட்டையும் கைக்குட்டையும்தான். சங்கிலிக்கும் பைக்கும் சம்பந்தமே இல்லை, பை வாங்கி இரண்டு மாதம், சங்கிலி போய் இரண்டு நாள். ஆனால் இவ்வளவு சம்பளம் வாங்குகிறவளுக்கு இவ்வளவு விலையில் பை என்றால் முன்னாலும் எதையோ எடுத்திருக்கிறாள் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். நானே சேர்த்து வாங்கினேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதைச் சரிபார்க்க இல்லத்து மேலாளர் இவளுக்குத் தெரியாமல் புதன்கிழமை சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தார்.

நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். அவர் படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை, பொண்ணு ஒரு பை வச்சிருக்காளே, அது எப்படி வந்துச்சு என்று மட்டும் கேட்டார். சங்கிலி போனதையும் அவரே சொன்னார். கீழே குழாயடியில் வீட்டுக்காரம்மா தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் ஏற்கெனவே உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன், இப்போது மாற்றிச் சொன்னால் வாடகை விஷயத்தில் என் வார்த்தைக்கு என்ன மதிப்பு? அதனால், பெரியவன் வெளியூர்ல இருந்து அனுப்பினதுங்க என்று சொல்லிவிட்டேன். உன் போன் நம்பரைக் கேட்டார், மாறிவிட்டது என்றேன். அவர் தலையாட்டினார், உங்க பொண்ணு வேற மாதிரி சொல்றாளே என்றார், இறங்கிப் போய்விட்டார். மறுநாள் காலையில் அவளை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பது நாள் கழித்துச் சங்கிலி கிடைத்தது. அந்தப் பெரியம்மாளே கழற்றி மருந்து டப்பாவுக்குள் போட்டு வைத்து மறந்திருக்கிறார். மேலாளர் போன் செய்தார். நானே அவளை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். சங்கிலி கிடைச்சது வாஸ்தவம், ஆனா அம்மா ஒண்ணு சொல்றீங்க பொண்ணு ஒண்ணு சொல்றா, அப்படிப்பட்ட வீட்டு ஆளை நாங்க எப்படி உள்ள விடுறது, மிச்சச் சம்பளத்தை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க என்று வைத்துவிட்டார். சின்னவள் பையை எடுத்துக்கொண்டு பழைய சாமான் வாங்குகிற கடைக்குப் போனாள். பில் இல்லாததால் அங்கேயும் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்டிருக்கிறார்கள், ஐந்தில் ஒரு பங்கு விலைதான் கொடுத்தார்கள். அதில்தான் உன் ஊருக்கு டிக்கெட் எடுத்தாள்.

முந்தாநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, தலையைத் தூக்காமல், அம்மா, நான் எடுத்திருப்பேன்னு நீயும் நினைச்சியா என்று கேட்டாள். ஐயோ, அப்படி இல்லடி, வீட்டுக்காரம்மா கீழ நின்னாங்க, மாத்திச் சொல்ல முடியல என்றேன். அவள் மடித்ததை அடுக்கி வைத்துவிட்டு, அவங்க அந்த வாரம் ஊர்லயே இல்லம்மா, சாவியை உன்கிட்டதான் குடுத்துட்டுப் போனாங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், அடுத்த துணியை எடுத்தாள்.

பெரியவனே, மேலே உனக்கு எழுதியதும் பொய்தான். வீட்டுக்காரம்மா குழாயடியில் நிற்கவில்லை, அங்கே யாருமே இல்லை. இத்தனை நாளாக அப்பாவிடமும் கூட வேலை செய்கிறவர்களிடமும் அப்படியே சொல்லிச் சொல்லி எனக்கே அவர் நின்றதுபோல் ஆகிவிட்டது. தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம், வேண்டாம், நான் எப்படிப்பட்டவள் என்று நீயும் தெரிந்துகொள். சங்கிலியைக் காணோம் என்று அந்த ஆள் சொன்னதும் என் மனதில் முதலில் வந்தது, அடிப்பாவி, எடுத்துவிட்டாயா என்பதுதான். காப்பாற்ற வேண்டும் என்றுதான் உன் பெயரைச் சொன்னேன். அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வயிற்றில் சுமந்து பெற்ற நானே அந்த மேலாளரைப் போலத்தான் பார்த்திருக்கிறேன், பையைப் பார்த்தேன், சம்பளத்தைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை. இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்கும் தெரியும், நான் சொல்ல மாட்டேன் என்பதும் தெரியும். ஒரே அறையில் இருந்துகொண்டு தண்ணீர் வேண்டுமா, விளக்கை அணைக்கட்டுமா என்று மட்டும் பேசிக்கொள்கிறோம்.

ரயில் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து சேரும், நீயே நிலையத்துக்குப் போ, வேறு யாரையும் அனுப்பாதே. இருமல் இருக்கிறது, குளிர்ந்த தண்ணீர் கொடுக்க வேண்டாம். பையைப் பற்றி நீயாக எடுக்காதே. அவளுக்கு ஒரு வேலை கிடைக்கும் வரை உன் தங்கையாக வைத்துக்கொள், வேலைக்காரியாக வைத்துக்கொள்ளாதே. மருமகள் நல்ல பெண், கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளிடமும் இதைச் சொல்லி வை. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல், ஒருவரை ஒருவர் நம்பி, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி எதற்காவது உதவும் என்றால் அது முழுவதும் உங்களுக்குத்தான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் வீட்டில் என்றைக்காவது ஒரு மோதிரமோ, நூறு ரூபாயோ, ஏதாவது காணாமல் போனால், அவளிடம் போய்க் கேட்காதே. தேடு. கிடைக்காவிட்டாலும் கேட்காதே.

இப்படிக்கு,
உன்னையும் அவளையும் பெற்ற
அம்மா