தொடாதே என்று சொன்ன ஒன்று

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நல்லபடியாக இருக்கக் கர்த்தர் துணை நிற்பாராக. இங்கே நாங்களும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. குழந்தைக்குச் சளி விட்டதா, காதை மூடாமல் வெளியே தூக்கிப் போகாதே. போனில் பேசினால் நான் அழுவேன், நீ கோபப்படுவாய், பாதியில் வைத்துவிடுவோம், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தம்பி வேலை செய்த ரொட்டிக் கம்பெனியில் அவனோடு வேலை பார்த்த சிநேகிதன் நெட்டையனுக்குக் கை போய்விட்டது, அதற்குக் காரணம் இவன் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். மாவு பிசையும் மெஷினுக்கு மேலே ஒரு கம்பி மூடி உண்டு, அதைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். சேர்ந்த அன்றே சூப்பர்வைசர், "இங்க மத்ததெல்லாம் உங்க இஷ்டம்ப்பா, அந்த மூடி விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். சொன்னது அந்த ஒன்றுதான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இவன் மூடியைத் திறந்து வைத்து, மெஷின் நிற்காதபடி சுவிட்சில் மரத்துண்டைச் செருகிவிட்டான். அது தெரியாமல், இடையில் சற்று நின்ற மெஷின் மூடி திறந்திருக்கும்வரை ஓடாது என்று நம்பி, ஓரத்து மாவை வழிக்கக் கையை விட்டவன் நெட்டையன். உன் கல்யாணத்தன்று பந்தலில் நாற்காலி அடுக்கினவன், நம் வீட்டில் உரிமையோடு தட்டெடுத்துச் சாப்பிட்டவன். வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

கேட்டதற்கு உன் தம்பி முதலில், நெட்டையன்தான் திறக்கச் சொன்னான் என்றான், பிறகு சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார் என்றான். "மெஷின் மேலயும் ஒரு பழியப் போட்டுடு, அது ஏன் பாவம் சும்மா இருக்கணும்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவனோடு பேச்சே இல்லை. அவனும் அறையை விட்டு வெளியே வரவில்லை, நான் தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவேன், பாதி அப்படியே திரும்பி வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதம் வாசிக்கிற முறை அப்பாவுடையது. வந்த பகுதியைப் பார், முதல் மனுஷனும் மனுஷியும் கனியைத் தின்ற கதை. அவன் அவளைக் கை காட்டுகிறான், அவள் பாம்பைக் கை காட்டுகிறாள். அப்பா குரல் இறங்கிக்கொண்டே வந்தது. தோட்டத்தை விட்டு அனுப்பும் முன் கடவுளே அவர்களுக்குத் தோலில் உடை செய்து உடுத்திவிட்டார் என்ற இடத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடி சரியில்லை போல என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். போதகர் எழுந்து வந்து மீதியை வாசித்தார். வரும் வழியில் நான் பொறுக்க மாட்டாமல், அந்த மரத்தைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டேன். "எட்டாத இடத்துல வச்சிட்டா, அப்புறம் சொல் கேக்குறதுன்னு என்னடி இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்ததும் நேரே அவன் அறை வாசலில் போய், "நீ செஞ்சத நீதான் சொல்லணும். எந்திரி, நானும் வரேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நின்று, "கட்டைய வச்சது நான்தாண்டா" என்று உன் தம்பி சொன்னான். நெட்டையன் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். நெட்டையன் இவன் முகத்தைப் பார்க்கவேயில்லையாம். "அந்த மூடிய மாட்டிட்டாங்களா? இல்லன்னா இன்னொருத்தன் கையும் போயிடும்" என்று மட்டும் கேட்டானாம். மன்னித்தேன் என்று சொல்லவில்லை பாப்பா, இன்றுவரை சொல்லவில்லை. அங்கிருந்து கம்பெனிக்கும் போய் உள்ளதைச் சொன்னார்கள், வேலை போயிற்று.

உன் மாமா வெளியூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலைக்குச் சொல்லி வைத்தார். கிளம்பின அன்று அப்பா போகாதே என்று சொல்லவில்லை. அலமாரியிலிருந்து தன் ஸ்வெட்டரை எடுத்து வந்து, சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல அவனுக்குப் போட்டு, ஒவ்வொரு பொத்தானாக மாட்டி, நீண்டு தொங்கின கையை மடித்துவிட்டார். "அங்க குளிரும்" என்றார், வேறு ஒன்றும் இல்லை. அவன் போனதும் குளியலறைக்குள் போனவர் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான், இருங்கள் என்றும் சொல்லாமல் அம்மணமாகவும் அனுப்பாமல் கடவுள் அன்று என்ன பாடுபட்டிருப்பார் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

எனக்குத் தம்பியே இல்லை என்று நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. அவன் செய்தது சின்னக் காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். நெட்டையன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போகிறேன், அவன் மனைவி பேசாமல் வாங்கி வைக்கிறாள், போவது சரியா என்றே தெரியவில்லை, போகிறேன். உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ஒளிந்துகொண்ட ஆதாமைத் தேடி வந்த கடவுள் முதலில் ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை, எங்கே இருக்கிறாய் என்றுதான் கேட்டார். எந்த மரத்துக்குப் பின்னால் என்று அவருக்குத் தெரியாதா என்ன. நீயும் தம்பியைக் கூப்பிட்டு அதை மட்டும் கேள். எடுக்க மாட்டான். மறுபடி கூப்பிடு.

நீ இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடாதே. உன் வீட்டு வாசலையும் அவன் போகிற வழியையும் ஆண்டவர் ஒன்றாகவே காக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னையும் அவனையும் பெற்றவள்