மொட்டை மாடியில் நான் பெரிய நாடு

மாசிக் கருவாட்டு வாசனை இத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. கீழ் வீட்டுச் சாமான்களை ஏற்றி வைக்க இடம் வேண்டும் என்று இன்று காலையில் மாடிப் போர்ஷனின் பரணை ஒழித்தேன். நீ விட்டுப் போன பிஸ்கட் டப்பா மூலையில் கிடந்தது. மூடி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பினேன். திறந்ததும் நீயே பின்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது. கட்டை போலக் காய்ந்த துண்டுகள். இதை உடைத்துத் தூளாக்கி, தேங்காய்த் துருவலும் வெங்காயமும் போட்டு, எலுமிச்சை பிழிந்து கையால் பிசைய நீதான் எனக்குக் கற்றுக் கொடுத்தாய். முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

கீழே சுவரை அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நம் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, நம் வாசல் பள்ளமாகிவிட்டது உனக்கே தெரியும். இப்போது காட்டுப்பாக்கத்தில் முடிந்தவர்கள் எல்லோரும் வீட்டை அப்படியே தூக்கி, அடியில் செங்கல் கட்டி உயர்த்திக்கொள்கிறார்கள். பெங்களூரில் இருந்தபடியே என் மகன் அருள் போனிலேயே எல்லா ஏற்பாடும் செய்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்ததும் எத்தனை பேரிடம் பெருமை அடித்துக்கொண்டேன் தெரியுமா? அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் கட்டிய வீடு, அதை அவள் பெற்ற பிள்ளை தூக்கி நிறுத்துகிறான் என்று.

அந்தப் பெருமைதான் என்னை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேராகச் சொல்லவும் வாய் வரவில்லை. பழையதிலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்.

உன் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் போய், போரூர்ப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துபோக வசதியாக வீடு தேடி நீ என் கேட்டில் நின்றாய். தலையில் முக்காடு, கையில் பெரிய பை. மாலத்தீவு என்றாய். இங்கிலீஷில் பேசுவாயோ, இந்தியில் பேசுவாயோ என்று நான் பயந்துகொண்டிருக்க, "என்னக்கா, சொகமா இருக்கியளா? வீடு இருக்காமே?" என்றாயே! எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. உன் அப்பா தூத்துக்குடித் தோணிக்காரர்களோடு யாவாரம் செய்தவர், அவர்கள் மடியில் வளர்ந்த தமிழ் என்று பிறகு சொன்னாய். எங்கள் தெருவில் நான் "இன்னாம்மா" என்பேன், நீ "என்ன செய்யுதிய" என்பாய். காய்காரன் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பான்.

வந்த மறுநாள் காலையில் நீ விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நம் வாசலைப் பெருக்கினாய். அங்கே நிறுத்தாமல் பக்கத்து வீட்டு வாசல், அதற்கடுத்தது, தெருமுனை வரைக்கும் பெருக்கிக்கொண்டே போனாய். எனக்கு மானம் போயிற்று. ஓடி வந்து, "இன்னாம்மா நீ, குடியிருக்க வந்தியா, முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தியா? நம்ம கேட்டோட நிறுத்திக்கோ" என்றேன். உனக்குப் புரியவே இல்லை. உங்கள் தீவில் காலையில் பொம்பளைகள் எல்லோரும் சேர்ந்து தெரு முழுக்கப் பெருக்குவீர்களாம். "எது எங்க வாசல், எது அவிய வாசல்னு எப்படிக்கா பிரிக்க?" என்று கேட்டாய். பின்வீட்டு மல்லிகா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டுக்குப் போகிறவள், அதைக் கேட்டுவிட்டு, "தீவும்மா, எங்க ஊட்டாண்டையும் பெருக்கிட்டுப் போ" என்று கிண்டல் செய்தாள். நீ நிஜமாகவே போய்ப் பெருக்கினாய். அன்றிலிருந்து தெருவுக்கே நீ தீவும்மா.

நீ உன் தீவின் மன்றத்தில் ஜெயித்த உறுப்பினர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் மாடியில் போனை வைத்துக்கொண்டு உன் பாஷையில் சண்டை போடுவாய். புருஷன் வீட்டுத் தகராறு என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டேன். உட்கார வைத்துச் சொன்னாய். கடல் உங்கள் தீவை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது. கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. சர்க்கார், மண்ணைக் கொட்டி மேடாக்கிய பெரிய தீவு ஒன்றுக்கு எல்லோரையும் வரச் சொல்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது என்று பாதி ஜனம் போகலாம் என்கிறது. போகமாட்டேன் என்று பாதி.

"நீ எந்தப் பாதி?" என்றேன்.

"புள்ளையளுக்காவ போவட்டும்க்கா. நான் தடுக்கல. ஆனா போனாலும் தீவு எங்களுது, சுத்தி இருக்க கடலு எங்களுதுன்னு எழுதிக் குடுக்கணும். நெலம் முழுகிட்டுன்னா நாடு இல்லன்னு ஆயிருமா? அப்ப அந்தக் கடலு யாருக்கு? அதுல மீன் பிடிக்கது யாரு?"

அப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருக்கிறது என்றே எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

அந்த வருஷம் மழையில் நம் கீழ் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். மல்லிகா வீட்டில் கட்டில் வரைக்கும். அவளும் பிள்ளைகளும் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு உன் போர்ஷனுக்கு வந்தார்கள், நானும் வந்தேன். ஒரே அறையில் அத்தனை பேர். நீதான் கஞ்சி வைத்தாய். தண்ணீர் வடிந்ததும் நம் வீட்டுப் பக்கச் சந்தில் நின்றுகொண்டு பார்த்தாய். பின்பக்கத்துத் தண்ணீர் முழுக்க அந்தச் சந்து வழியாகத்தான் ரோட்டோரக் கால்வாய்க்குப் போனது. "இந்தச் சந்து இருக்கப் போயித்தான் மல்லிகா பொழச்சா" என்றாய். நான் சரி சரி என்று தலையாட்டினேன்.

அப்புறம் உனக்கு அழைப்பு வந்தது. ஏதோ ஒரு குளிர் தேசத்தில், பூமி சூடேறுவதைப் பற்றிப் பேச உலக நாடுகள் எல்லாம் கூடுகிற கூட்டம். உன் நாட்டுக்காரர்களோடு நீயும் போய், பேச வேண்டும். ரெண்டு நிமிஷம்தான் கொடுப்பார்களாம். மாடியில் இரண்டு நாற்காலியை எதிரெதிராகப் போட்டாய்.

"அக்கா, நீங்க பெரிய நாடா இருங்க. நான் பேசுதேன். நீங்க என்னைய மடக்கணும்."

எனக்கு நாட்டு பாஷை என்ன தெரியும்? வீட்டு பாஷையில் பேசினேன். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மல்லிகா அங்கே துணி காயப்போட வந்தவள், கொடியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"எங்க தீவுல மலை கெடையாது. ஏறி நிக்க ஒசந்த எடமே கெடையாது. தென்னமரந்தான் ஒசரம்" என்று ஆரம்பித்தாய்.

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"ஒங்க பொகையக் கொறைக்கணும். சூடு ஏறுதது ஒங்களால. கடலு ஏறுதது எங்க வீட்டுக்குள்ள. இன்னொரு அரை டிகிரி கூட ஏற விடாதிய."

"அரை டிகிரியா? அது காய்ச்சல் கூட இல்லியேம்மா. அதுக்கா பிளேன் ஏறி வந்த?"

"ஒங்களுக்கு அது அரை. எங்க தீவே அதுக்குள்ளதான் இருக்கு."

பதில் இல்லாதபோது பெரியவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். எழுந்து நின்று கத்தினேன். "என் காசு, என் ஊடு. நான் ஒசத்திக்கிறேன். பள்ளத்துல குடி வந்தது உன் தப்பு. முடிலன்னா வேற எடம் பாத்துகினு போ!"

மல்லிகா கை தட்டினாள். "யக்கா, உனுக்கு ஆக்டிங்கே தேவையில்ல. அப்டியே கீறே!" நீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அப்புறம் சிரிப்பு நின்று போய், "இப்படி மொகத்துக்கு நேரா சொல்லிட்டாக்கூட தேவலக்கா. அவிய நல்லாப் பேசுவாவ" என்றாய்.

சரியாகத்தான் சொன்னாய். போய்விட்டு வந்து ஒரு வாரம் கழித்து மாடியில் சொன்னாய். நீ பேசி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்களாம். பெரிய நாட்டுக்காரர் ஒருவர் உன்னைத் தேடி வந்து, இரண்டு கையாலும் உன் கையைப் பிடித்து, மனசைத் தொட்டுவிட்டது என்று சொன்னாராம். சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டாராம். "பதில் சொல்லலன்னாக்கூடப் பரவால்லக்கா. கையப் பிடிச்சிட்டுப் போயிட்டாரு" என்றாய். கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டாய்.

உன் வீட்டுக்காரர் தேறி, நீங்கள் ஊர் திரும்பினீர்கள். இந்த டப்பாவை மறந்துவிட்டுப் போனாயோ, எனக்கென்று வைத்தாயோ தெரியாது. பிறகு உன் மகளிடமிருந்துதான் போன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றாள். தீவும் கடலும் எங்களுது என்று நீ கேட்ட அந்த ஒரு வரியைக் கடைசியில் சேர்த்துத்தான் உன் ஜனங்கள் சர்க்கார் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்களாம். பாதிப்பேர் மேட்டுத் தீவுக்குப் போய்விட்டார்கள். நீ போகவில்லை. உன்னைப் புதைத்த இடம் கரையோரம். அலை முதலில் வருவது அங்கேதான் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதாள்.

இப்போது சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மல்லிகா வந்தாள். ஷிப்டு முடிந்து அப்படியே வந்திருக்கிறாள், தோளில் பை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். அருள் வீட்டை உயர்த்துவதோடு நிற்கவில்லை. பக்கச் சந்து முழுக்க மண் அடித்து, சிமெண்டு போட்டு, கார் நிறுத்தப் போகிறான். கொத்தனார் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார். அவள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யக்கா, சந்த அடச்சிட்டா எங்க தண்ணி எங்க போவும்? மழை வந்தா இனிமே உன் ஊட்டுத் தண்ணியும் சேந்து எங்களாண்டதானே வரும்?"

ஜாக்கி வைக்கிற ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஐடி தம்பதி வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பின்வீட்டுக்காரி நடுத்தெருவில் என்னைக் கேள்வி கேட்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. வாய் தானாகத் திறந்தது.

"என் காசு, என் ஊடு. நான் ஒசத்திக்கிறேன். பள்ளத்துல குடி வந்தது உன் தப்பு."

மல்லிகா கோபப்படவில்லை. "யக்கா, இது மாடில பேசின டயலாக் ஆச்சே" என்றாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் முறுக்கு சுட்டு, டப்பாவில் போட்டு அவள் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். அப்போதுதான் நீ கையை விரித்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. சந்து அப்படியே அடைபடப் போகிறது, நான் முறுக்கைக் கொடுத்து அவள் கையைப் பிடித்துவிட்டு வரப் போகிறேன். திரும்பி வந்துவிட்டேன். முறுக்கு நமுத்துக் கிடக்கிறது.

அருளுக்குப் போன் போட்டேன். "மீட்டிங் கீதும்மா, ரெண்டு நிமிஷத்துல சொல்லு" என்றான். ரெண்டு நிமிஷம் எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சந்து என்றேன், மல்லிகா என்றேன், தண்ணி என்றேன். அதற்குள் முடிந்துவிட்டது. "எல்லாருந்தான் ஒசத்துறாங்க. உனக்கு இன்னாம்மா தெரியும்?" என்று வைத்துவிட்டான். என் மேல் உயிரை வைத்திருக்கிற பிள்ளைதான். அந்தக் குரலை எங்கே கற்றான் என்று நான் யாரைக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறான். அதுவரை சந்தில் கை வைக்கக் கூடாது என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். வீடு உயரட்டும், சந்து பள்ளமாகவே இருக்கட்டும், கார் தெருவில் நிற்கட்டும் என்று கேட்கப் போகிறேன். ஒத்துக்கொள்வானோ, மாட்டானோ. ஒத்துக்கொண்டால்தான் மல்லிகா வீட்டுக் கதவைத் தட்டுகிற யோக்கியதை எனக்கு வரும். அதுவரைக்கும் அவள் ஷிப்டுக்குப் போகிற நேரத்தில் நான் ஜன்னல் பக்கம் போவதில்லை.

இன்று சாயங்காலம் மாடியில் இரண்டு நாற்காலி போட்டேன். உன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். "அருளு, அவ ஊட்ல ஏறி நிக்க ஒசந்த எடம் கெடையாதுடா" என்று ஆரம்பித்தேன். எதிரே யாரும் இல்லை. ஆனால் அங்கிருந்து வரப்போகிற பதில் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது.