கிவி இறகும் தோற்றவன் போட்ட டீயும்

விரல் நுனி இன்னும் குறுகுறுக்கிறது. நியூசிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு நேற்றுத்தான் குன்னூர் திரும்பினேன். நம் சண்டை தீர்ந்துவிட்டதடா! நீதான் ஜெயித்தாய்.

எஸ்டேட் ஃபேக்டரி ஆபீசில் தொங்கிய அந்தக் காலண்டர் நினைவிருக்கிறதா? நீண்ட அலகோடு, வாலே இல்லாத இரண்டு பழுப்புக் கிவிகள். ஒன்று பெரியது, மற்றது சற்றுச் சிறியது. நான் தேயிலைத் தூள் சலிக்கிற பக்கம். நீ மாடியில் இலை வாட்டுகிற பக்கம். என் புத்தி சல்லடையை விட்டு எங்கே போகும்?

“ஒரே செடி இலையத்தான்டா சலிச்சா பெருசு சிறுசுன்னு ரகம் பிரியுது. இதும் அப்படித்தான், ஒரே இனம்,” என்றேன்.

நீ ஒரு பிடி இலையை அள்ளி இறுக்கிவிட்டு விரித்துக் காட்டினாய். வாடிய இலை, நிமிரவில்லை; பச்சையாக இருந்தால் நிமிர்ந்திருக்கும். “பறவையச் சல்லடையில போடாதடா. தொட்டுப் பாத்தாத்தான் தெரியும். ரெண்டும் வேற வேற. தோத்தவன் ஜெயிச்சவன் ஊடு தேடி வந்து டீ போட்டுக் குடுக்கோணும்.”

குன்னூரில் கிவியைத் தொட எங்கே போவது? ரிட்டையர் ஆன பிறகும் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் “எப்படா டீ?” என்பாய். போன மழைக்காலத்தில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நியூசிலாந்தில் ஒரு காட்சியகத்தில், நம் காலண்டரில் இருந்தவை போலவே, பாடம் செய்த இரண்டு கிவிகள் நின்றன. பக்கத்திலேயே தொட்டுப் பார்க்க இறகுகள். பார்வைக்கு எல்லாம் ஒரே பழுப்புதான். ஆனால் வடக்குத் தீவுக் கிவியின் இறகு நுனி சுருக்கென்று குத்தியது. தெற்கத்திக் கிவியின் இறகோ மெத்தென்று இருந்தது. இரண்டும் வெவ்வேறு இனமாம்! சாம்பல் நிறப் புள்ளிக் கிவிகளிலும் பெரியது ஓர் இனம், சிறியது வேறு இனமாம். நான் கத்திய கத்தலில் மகள் ஓடி வந்தாள்.

“என்னாச்சுங்கப்பா?”

“தோத்துட்டேன் சாமி, தோத்துட்டேன்!”

அத்தனை சந்தோஷம் எனக்கு. உடனே உன்னிடம் சொல்லப் போனை எடுத்து உன் பெயரையும் தேடிவிட்டேன். அப்புறம்தான் நீ இல்லை என்று உறைத்து, போனைப் பைக்குள் போட்டேன்.

இன்று காலை உன் வீட்டு அடுப்படியில், உனக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை போடாமல் கெட்டியாக டீ போட்டேன். உன் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, “‘தூளைச் சரியாச் சலிக்கலை’ன்னு சொல்லியிருப்பாருங்கண்ணா,” என்றார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

திரும்பும் வழியில் ஒரு கொழுந்தைக் கிள்ளி, உன்னைப் போலவே உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பார்த்தேன். கையை விரித்ததும் துள்ளி நிமிர்ந்ததடா.