இறக்கிய சிங்கி இறால்

ஏப்ரல் 14, செவ்வாய்

நான் மீன் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் என் கணவன் கிளைட் கடை வாசலில் தொங்கிய சிங்கி இறாலைக் கீழே இறக்கிவிட்டான். படகு தூக்கும் கிரேனை அவன் தம்பி கொண்டுவந்தானாம். ஒன்பதடி இரும்பு, வயிற்றில் எங்கள் சாப்பாட்டுக் கடையின் பெயர். என் மாமனார் மாட்டியது. நாற்பது வருடமாக நடைபாதைக்கு மேலே தொங்கியது, இப்போது பின்முற்றத்தில் குப்புறக் கிடக்கிறது.

"சீசனுக்கு முன்னாடி புதுச் சிவப்பு அடிச்சு உன்னை அசத்தலாம்னு பார்த்தேன்" என்றான் கிளைட். முகமெல்லாம் துரு.

ஏப்ரல் 16, வியாழன்

நகராட்சியிலிருந்து டூகல்ட் ஹெப் வந்தான். கிளைடோடு பள்ளியில் படித்தவன். சூப்பைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான்.

"டேய், யாருடா அதை இறக்கச் சொன்னது?"

"பெயிண்ட் அடிக்கத்தான்டா."

"மேல தொங்குற வரைக்கும் அது பழைய விளம்பரப் பலகை. பலகைச் சட்டம் வர்றதுக்கு முன்னாடியே இருந்ததால நாங்க கண்டுக்கல. இறக்கிட்டா சலுகை போச்சு. திரும்ப மாட்டினா புதுசுன்னுதான் கணக்கு. புதுசு பாதிக் கதவு அளவுக்கு மேல இருக்கக் கூடாது."

"ஏணியில நின்னே அடிச்சிருந்தா?"

"ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்."

கிளைட் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பாவம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கடல் காற்று பலமாக இருந்தது. வழக்கம்போல இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். இறாலுக்கு நேர்கீழே போட்டுவைத்தால் நடப்பவர்கள் சுற்றிப் போவார்கள். "வெர்னா காத்துக்குக் கூட நாற்காலி போட்டு உபசரிப்பா" என்று ஊரே கேலி செய்யும். செய்யட்டும். ஆறு வருடம் முன்பு இறாலின் கொடுக்கிலிருந்து ஒரு போல்ட் விழுந்தது. தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் அப்போதுதான் அந்த இடத்தைக் கடந்திருந்தாள். கிளைட் எல்லா போல்டையும் மாற்றினான். சோதித்தவரும் பத்திரம் என்றார். அதற்குமேல் என்ன சொல்வது? அவன் அப்பா மாட்டியதாயிற்றே.

இன்று நிமிர்ந்து பார்த்தால் வெறும் வானம். நாற்காலிகளை உள்ளே எடுத்துவந்துவிட்டேன்.

மே 3, ஞாயிறு

இறாலை மறுபடி மாட்ட விதிவிலக்கு கேட்டு ஊர் கையெழுத்து வாங்குகிறது. அஞ்சலகத்து எட்னா எங்கள் கல்லாவிலேயே தாளை வைத்துவிட்டாள். "இறால் இல்லாம இது ஒரு ஊரா? முதல் கையெழுத்து நீதான்" என்று பேனாவை நீட்டினாள்.

போட்டேன். ஏன் போட்டேன்?

மே 20, புதன்

நகராட்சி மன்றத்தில் விசாரணை. உட்கார இடமில்லை. தபால் அட்டைகளில் எல்லாம் இறால்தான் என்றார் ஒருவர். அதைப் பார்த்துத்தான் கரைக்கு வழி கண்டேன் என்றார் இன்னொருவர், படகே இல்லாதவர். கை தட்டினார்கள். விதிவிலக்கைக் கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்தது.

தலைவர் திருமதி கோர்கம் என் பக்கம் திரும்பினார். "வெர்னா, கடைக்காரி நீங்க. நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

எழுந்தேன். "வேண்டாங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"காத்து அடிக்கிறப்பல்லாம் யார் தலையில விழுமோன்னு செத்துப் பொழைக்கிறேன். கையெழுத்துப் போட்டேன், தப்புதான். அது மேல போக வேண்டாம்."

பின்வரிசையில் யாரோ: "அட, அதுக்குத்தானா அந்த நாற்காலி!" மன்றமே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

திரும்பும்போது தேவாலய முனையில் கிளைட் என் கையைப் பிடித்து நிறுத்தினான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கப்பா மாட்டினது."

"அவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. அம்மா ஆசைப்பட்டாங்கன்னு மாட்டினாரு."

நடுத்தெருவில் நின்று சிரித்தோம்.

ஜூன் 12, வெள்ளி

மாட்டும் மனுவைக் கைவிட்டோம். இறாலிலிருந்து கடைப் பெயரை அழித்துத் தரையில் வைத்தால் அது விளம்பரம் இல்லை, சிலை. டூகல்டே கண்டுபிடித்துச் சொன்னான். துறைமுகப் பூங்காவில் சிமென்ட் போட்டு நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் வாலில் சறுக்குகிறார்கள். எங்கள் வாசலில் இப்போது பாதிக் கதவை விடச் சிறிய பலகை. கிளைட் எழுதியது, லேசாகக் கோணல்.

நவம்பர் 8, ஞாயிறு

ஹாலிஃபாக்ஸ், மகள் வீடு. அந்த போல்ட் விழுந்ததிலிருந்து புயல் மாதத்தில் நான் ஊரைவிட்டு வந்ததே இல்லை, இதுதான் முதல் தடவை. எங்கள் ஊர்க் கரையில் கடுங்காற்று என்று வானொலி சொன்னது.

"அப்பாவுக்கு போன் பண்ணலையாம்மா?"

"எதுக்கு?" என்றேன். உருளைக்கிழங்கு இன்னும் பாதி உரிக்கவேண்டியிருந்தது.